சிவப்பு எண் சொன்ன பொய்

ஃபேஸ்புக்கைக் கணினியில் பார்த்துப் பழகியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தொல்லை நினைவிருக்கலாம். பக்கத்தின் உச்சியில், செய்திகளுக்கான சின்னத்தின் மேல் சிவப்பாக ‘1’ என்று வந்து நிற்கும். யார் அனுப்பியிருப்பார்கள் என்று ஆவலோடு சொடுக்கினால் புதிதாக ஒன்றுமே இருக்காது. சற்றுமுன் படித்து முடித்த செய்திதான் கிடக்கும். பொறியாளர்கள் பிழையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வார்கள். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். பிறகு அதே ‘1’ மறுபடி முளைக்கும். 2014ஆம் ஆண்டு நிறுவனத்தின் எஃப்8 மாநாட்டில் ஜிங் சென் என்ற பொறியாளர் மேடையேறி இந்தக் கதையைச் சொன்னார். தேர்ந்த நிரலாளர்கள் கூடி வேலை பார்த்த இடத்தில், ஒன்று என்ற எண்ணைச் சரியாகக் காட்டுவதற்கு அவ்வளவு பாடு.

அந்தப் பக்கத்தில் ஒரே செய்தி மூன்று இடங்களில் தலைகாட்டியது. கீழ் ஓரத்தில் அரட்டைப் பெட்டி. உச்சியில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கை. செய்திகளுக்கென்றே தனியாக ஒரு முழுப் பக்கம். மூன்றையும் தனித்தனி நிரல்கள் கவனித்துக்கொண்டன. புதுச் செய்தி வந்தால் மூன்றுக்கும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் படித்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு தருணத்தில் ஏதோ ஒன்றுக்குச் சொல்லாமல் விட்டுப்போகும். அந்த விடுபடல்தான் சிவப்பு எண்ணாக நின்றது.

இணையச் செயலிகளில் பயனரின் கண்ணில் படும் பகுதியைக் கட்டுவது என் தொழில். ஃப்ரண்ட் எண்ட் என்போம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே நான் பேச்செடுப்பது இந்த விஷயத்தைத்தான்: திரையின் பல பகுதிகளுக்கு ஒரே தகவல் வேண்டியிருந்தால், அந்தத் தகவல் எங்கே குடியிருக்க வேண்டும்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த பெரிய மாற்றங்களில் பாதி, இதற்குப் பதில் தேடிப் புறப்பட்டவை.

பக்கம் நினைவு வைக்கத் தொடங்கிய கதை

1990களின் இணையத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. ஓர் இணைப்பைச் சொடுக்கினால் பழைய பக்கம் போய்விடும். சர்வர் புதிதாக ஒரு பக்கத்தைத் தயாரித்து அனுப்பும். என்ன வாங்கினீர்கள், யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதெல்லாம் சர்வரின் பொறுப்பு. உலாவி வந்ததைக் காட்டும், அவ்வளவுதான்.

2004இல் ஜிமெயிலும் அடுத்த ஆண்டு கூகுள் மேப்ஸும் வந்தபோது பழக்கம் மாறியது. ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை பார்க்க முடிந்தது. பக்கம் மறையாததால், அதுவரை சர்வர் நினைவில் வைத்திருந்ததில் பெரும்பங்கை உலாவி சுமக்க வேண்டியதாயிற்று. எந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தீர்கள், கூடையில் என்ன இருக்கிறது, பெட்டி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இந்தக் கணத்தில் பக்கம் நினைவில் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்டேட் என்று பெயர்.

இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் உருவாக்கிய ரியாக்ட் என்ற நூலகம், 2013 மே மாதம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பக்கத்தைச் சின்னச்சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கட்டும் முறை அதோடு பரவலானது. ஒரு பொத்தான், ஒரு பட்டியல், ஒரு தேடல் பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு காம்போனென்ட். ஒவ்வொரு காம்போனென்டும் தனக்கென்று ஸ்டேட் வைத்துக்கொள்ளலாம். துண்டாகப் பிரித்தால் வேலை எளிது. ஆனால் இரண்டு துண்டுகளுக்கு ஒரே தகவல் வேண்டும் என்று வரும்போது கேள்வி எழுந்துவிடுகிறது.

எல்4 எங்கே இருக்கிறது?

ஒரு பேருந்து முன்பதிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நான் வேலை பார்த்த ஒன்றுதான். இடப்பக்கம் படுக்கை வண்டியின் இருக்கைப் படம், கீழ் அடுக்கும் மேல் அடுக்குமாக, எல்4, யு7 என்பது போன்ற இருக்கை எண்களோடு. வலப்பக்கம் பயணிகளின் பெயர், வயது, ஆண் பெண் விவரம் நிரப்பும் பட்டியல். அதன் கீழே கட்டணம். திரையின் அடியில் ‘2 இருக்கைகள், ₹1,700’ என்று காட்டிக்கொண்டு நிற்கும் பட்டை.

எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, லிஸ்ட்ல எல்4-ஐ நீக்கினா அங்க போயிடுது. ஆனா மேப்ல பச்சையாவே நிக்குது.”

“கட்டணம்?”

“அது குறையுது. கீழ பட்டையில மட்டும் இன்னும் ரெண்டுன்னு இருக்கு.”

“எல்4-ஐ எடுத்திருக்காங்கங்கிறது எந்த இடத்துல எழுதியிருக்கு?”

அவள் சற்று யோசித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். இருக்கைப் படம் தனக்கொரு பட்டியல் வைத்திருந்தது. பயணிகள் படிவம் தனக்கொன்று. மொத்தக் கட்டணம் தனியே ஓர் எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அடிப்பட்டையில் இருந்த ‘2’ இன்னோர் எண். ஒரே செய்திக்கு நான்கு நகல்கள். ஒன்று மாறினால் மற்ற மூன்றையும் மாற்றுவதற்கு அங்கங்கே வரிகள் எழுதப்பட்டிருந்தன. நீக்கு பொத்தானை அழுத்தும் வழியில் அவற்றில் இரண்டு விடுபட்டிருந்தன.

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கும் வீடுகளில் கடைக்காரரிடம் ஒரு நோட்டும் வீட்டில் ஒரு நோட்டும் இருக்கும். இரண்டு பேருமே நேர்மையானவர்கள்தான். ஆனாலும் நோட்டு எடுத்துப்போகாத ஒரு நாள் பையன் வாங்கிவந்த அரைக்கிலோ துவரம்பருப்பு ஒன்றில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிருக்காது. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். அங்கே தப்பு ஆளிடம் இல்லை, இரண்டு நோட்டு என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. நிரலிலும் அப்படியே. விடுபட்ட இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டால் அன்றைய பிழை போய்விடும். ஏற்பாடு அப்படியே இருந்தால் அடுத்த பிழை வந்தே தீரும். ஃபேஸ்புக்கின் சிவப்பு எண் திரும்பத் திரும்ப வந்ததன் சூட்சுமம் இதுதான்.

நாங்கள் செய்தது எளிய காரியம். இருக்கைப் படமும் பயணிகள் படிவமும் கட்டணமும் அடிப்பட்டையும் ஒரே பெரிய காம்போனென்டுக்குள்தான் அடங்கியிருந்தன. தேர்ந்தெடுத்த இருக்கைகளின் பட்டியலை அந்தப் பெரிய காம்போனென்டுக்கு ஏற்றிவிட்டோம். ஸ்டேட்டை மேலே தூக்குவது என்று ரியாக்ட் உலகில் சொல்வார்கள். படத்துக்கும் படிவத்துக்கும் தனிப் பட்டியல் இல்லை. மேலிருந்து கொடுப்பதைக் காட்டுகின்றன. எல்4-ஐ நீக்க வேண்டுமானால் படிவம் தானாக எதையும் அழிக்காது. “எல்4 வேண்டாம்” என்று மேலே சொல்லும். பட்டியல் அங்கே மாறும். மாறிய பட்டியல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். தகவல் மேலிருந்து கீழே வரும், விருப்பம் கீழிருந்து மேலே போகும். பாதை ஒன்றாக இருப்பதால் பிழை வந்தாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்.

கட்டணத்தையும் ‘2’ என்ற எண்ணையும் சேமிப்பதையே விட்டுவிட்டோம். பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால் 2. அவற்றின் விலையைக் கூட்டினால் ₹1,700. திரையை வரையும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக் காட்டினால் போதும். சேமிக்காத எண் பழசாகிப்போக வழியே இல்லை.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. டேன் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் 1979இல் வெளியிட்ட விசிகால்க் என்ற விரிதாளில் ஒவ்வொரு கட்டமும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: நாம் தட்டிய மதிப்பு, அல்லது மற்றக் கட்டங்களிலிருந்து பிறக்கும் சூத்திரம். எங்கள் பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வதும் அதே கேள்விதான்: இது பயனர் தட்டியதா, மற்றொன்றிலிருந்து கணக்கிடக்கூடியதா? கணக்கிட முடிந்தால் ஸ்டேட்டில் அதற்கு இடமில்லை. தகவல் தளங்களைக் கட்டுபவர்கள் இன்னும் முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த மரபு, ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதாதே என்றுதான் வற்புறுத்துகிறது.

நடுவில் நிற்பவர்கள்

மேலே தூக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு. முழுப் பக்கம், அதற்குள் இடப்பத்தி, அதற்குள் மேல் அடுக்கு, அதற்குள் ஒரு வரிசை, அதற்குள் ஓர் இருக்கை. தகவல் உச்சியில் இருக்கிறது. வேண்டியதோ கடைசியில் இருக்கும் இருக்கைக்கு. நடுவில் உள்ள மூன்றும் அந்தத் தகவலைத் தொடுவதே இல்லை. ஆனாலும் வாங்கிக் கீழே கடத்த வேண்டியிருக்கிறது. புதிதாக ஒரு தகவல் சேர்த்தால் மூன்றையும் திருத்த வேண்டும். சின்னச் செயலியில் தாங்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான காம்போனென்டுகள் உள்ள செயலியில் கை சலித்துவிடும்.

இதற்காகவே 2018 மார்ச்சில் வந்த ரியாக்ட் 16.3, காண்டெக்ஸ்ட் என்ற வசதியைப் புதுப்பித்துக் கொடுத்தது. உச்சியில் இருப்பவர் தகவலை ஓரிடத்தில் வைப்பார். எவ்வளவு ஆழத்தில் இருப்பவரும் நேரே எடுத்துக்கொள்ளலாம். இடையில் உள்ளவர்களுக்கு வேலையில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 16.8இல் ஹூக்ஸ் என்ற வசதி வந்தபோது அதைப் பயன்படுத்துவது ஒரே வரியில் முடிந்தது. மொழித் தேர்வு, வண்ண அமைப்பு, உள்ளே நுழைந்தவர் யார் என்பது போல் எப்போதாவது மாறும் விஷயங்களுக்குக் காண்டெக்ஸ்ட் அருமையாகப் பொருந்தும்.

அடிக்கடி மாறும் விஷயத்தை அதில் போட்டால்தான் வம்பு. அதே பேருந்துப் பக்கத்தில், இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும் நேரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வரும். அந்தக் கடிகாரமும் இருக்கைப் பட்டியலும் ஒரே காண்டெக்ஸ்டுக்குள் இருந்தன. காண்டெக்ஸ்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் காம்போனென்டுகள் எல்லாமே மறுபடி வரையப்படும். விளைவாக, யாரும் எதையும் தொடாதபோதும் முப்பத்தாறு படுக்கைகளும் நொடிக்கொரு முறை புதிதாக வரையப்பட்டுக்கொண்டிருந்தன. எங்கள் மேசைக் கணினியில் இது தெரியவில்லை. விலை குறைந்த கைபேசியில் பயணி பெயரைத் தட்டும்போது ‘மு’ அடித்து ‘ரு’ வருவதற்குள் திரை விக்கியது. கடிகாரத்தைப் பிரித்து, அதைக் காட்டும் காம்போனென்டுக்குள்ளேயே வைத்தோம். விக்கல் நின்றது. எங்கே வைப்பது என்ற கேள்வி சரிக்கும் தவறுக்கும் மட்டும் உரியதல்ல, வேகத்துக்கும் உரியது என்பதை நான் இந்த உதாரணத்தைக் காட்டித்தான் விளக்குவேன்.

ஒரே களஞ்சியம்

ஃபேஸ்புக் தன் சிவப்பு எண்ணுக்குக் கண்ட தீர்வின் பெயர் ஃப்ளக்ஸ். செய்திகளை ஸ்டோர் என்ற பொதுக் களஞ்சியம் வைத்திருக்கும். நடந்ததை ஆக்‌ஷன் என்ற அறிவிப்பாக அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பார்த்து ஸ்டோர் தன்னை மாற்றிக்கொள்ளும். திரை ஸ்டோரைப் பார்த்து வரையும். வெளியிலிருந்து யாரும் உள்ளே கைவிட்டு மாற்ற முடியாது. படிக்காத செய்திகளின் எண்ணிக்கை, செய்திகளிலிருந்தே கணக்கிடப்படும்.

இதை இன்னும் இறுக்கிக் கட்டியது ரிடக்ஸ். டேன் அப்ரமோவ் 2015 ஜூலையில் பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் பேசுவதற்காக உருவாக்கியது. ஆண்ட்ரூ கிளார்க் கூட்டாளி. இவான் சாப்லிக்கியின் எல்ம் மொழியிலிருந்து இதற்கு நிறைய கிடைத்தது. செயலி முழுவதற்கும் ஒரே ஸ்டோர். ‘எல்4 தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்பது ஓர் ஆக்‌ஷன். ரெட்யூசர் என்ற செயற்கூறு பழைய ஸ்டேட்டையும் ஆக்‌ஷனையும் வாங்கிப் புது ஸ்டேட்டைத் திருப்பிக் கொடுக்கும். பழையதை அடித்துத் திருத்தாது. அதைத் தொடாமல் புதிதாக ஒன்று செய்யும்.

இதில் கிடைக்கும் பலன் அப்போது எங்களைப் பரவசப்படுத்தியது. ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாகிறது. பிழை வந்தால் பின்னோக்கி நகர்த்தி, எந்த ஆக்‌ஷனுக்குப் பிறகு திரை தவறியது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். சோதனையாளர் “எப்படியோ வந்தது” என்று சொன்ன பிழைகளுக்கு முகவரி கிடைத்தது.

விலையும் இருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து மூடவே மூன்று கோப்புகளில் எழுத வேண்டியிருந்தது. எதற்கெடுத்தாலும் ரிடக்ஸ் என்று துறையே ஓடியபோது, 2016இல் அப்ரமோவே உங்களுக்கு ரிடக்ஸ் தேவைப்படாமலும் போகலாம் என்று கட்டுரை எழுதினார். தன் படைப்பின் எல்லையைத் தானே சொன்ன அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு 2019இல் ரிடக்ஸ் டூல்கிட் வந்து எழுதும் சுமையைக் குறைத்தது. ஜுஸ்டாண்ட் போன்ற மெல்லிய ஸ்டோர்கள் வந்தன. ரியாக்டுக்கு மாற்றான வ்யூ உலகில் வ்யூஎக்ஸ் என்ற ஸ்டோரின் இடத்தைப் பீனியா பிடித்தது. 2010இலேயே நாக்அவுட் என்ற நூலகம் காட்டிய வழியில், மதிப்பு மாறியதும் அதைப் படித்தவர்களுக்கு மட்டும் தானே சொல்லும் சிக்னல் முறை, சாலிட் போன்றவற்றின் வழியாக மறுபடி செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். தகவல் எங்கே இருக்கிறது, யார் மாற்றலாம், மாறியது யாருக்குத் தெரிய வேண்டும் என்ற மூன்று கேள்விகளைத்தான் ஒவ்வொன்றும் தன் பாணியில் தீர்க்கிறது.

நமக்குச் சொந்தமில்லாதது

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. யு7 காலியாக இருக்கிறதா என்பது நம் திரைக்குச் சொந்தமான தகவலா? இல்லை, அது சர்வருக்குச் சொந்தம். நம்மிடம் இருப்பது சற்று நேரத்துக்கு முன் எடுத்த நகல். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருநெல்வேலியில் ஒருவர் அதைப் பதிவு செய்திருக்கலாம். இந்த நகலை நம் சொந்தத் தகவலைப் போல் ஸ்டோருக்குள் போட்டு வைத்துவிட்டு மறந்தால், போன இருக்கையைக் காலி என்று காட்டுவோம்.

நகல் என்று தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்விகளும் மாறும். எப்போது எடுத்தது? எவ்வளவு நேரம் நம்பலாம்? எப்போது மறுபடி கேட்க வேண்டும்? எஸ்டபிள்யூஆர், ரியாக்ட் குவரி போன்ற நூலகங்கள் இதற்காகவே பிறந்தவை. பழைய நகலை உடனே காட்டிவிட்டு, பின்னால் புதியதைக் கேட்டு வாங்கி மாற்றும் முறையை எஸ்டபிள்யூஆர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. 2010இல் இணைய நெறிமுறை ஆவணம் ஒன்றில் வகுக்கப்பட்ட வழி அது. ஒரே தகவலை மூன்று காம்போனென்டுகள் கேட்டாலும் இவை சர்வரிடம் ஒருமுறைதான் கேட்கும்; விடையை மூன்றுக்கும் பகிரும். நீங்கள் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பியதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

சமூக ஊடகத்தில் விருப்பக்குறியை அழுத்தியதும், சர்வர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதயம் சிவந்துவிடும். மறுத்தால் பழையபடி ஆக்கிவிடுவார்கள். அங்கே அது சரி. பணம் புழங்கும் இடத்தில் நான் அதை அனுமதிப்பதில்லை. இருக்கை உறுதியானது என்ற சொல் சர்வர் சொன்ன பிறகுதான் திரையில் வர வேண்டும். அரை நொடி காத்திருப்பது யாருக்கும் நட்டமில்லை. கிடைக்காத இருக்கையைக் கிடைத்தது என்று நம்பி, அம்மாவை இரவுப் பேருந்துக்கு அனுப்பி வைப்பவருக்கு நட்டம் பெரிது.

உலாவியில் திறக்கும் இரண்டு தாவல்களுக்கு இடையிலும் இதே நகல் சிக்கல் உண்டு. ஒரே தளத்தை இரண்டு தாவல்களில் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவு. ஒன்றில் வெளியேறினால் மற்றதற்குத் தெரியாது. உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் ஒன்று எழுதினால், எழுதிய தாவலை விட்டுவிட்டு அதே தளத்தின் மற்றத் தாவல்களுக்கு உலாவி சேதி அனுப்பும். அதைப் பிடித்துத்தான் எல்லாத் தாவல்களையும் ஒன்றாக வெளியேற்றுகிறோம். பொது இடத்துக் கணினியில் ஒரு தாவலை மட்டும் வெளியேற்றிவிட்டு எழுந்து போகும் மனிதரை நினைத்தால், இது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

பகிராமல் விடுவதும் கலைதான்

பகிரத் தேவையில்லாததைப் பகிராதீர்கள் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். ஒரு பட்டியல் விரிந்திருக்கிறதா என்பது அந்தப் பட்டியலின் சொந்த விஷயம். பாதி தட்டிய பெயர் அந்தப் படிவத்தோடு இருக்கட்டும். எல்லாவற்றையும் களஞ்சியத்தில் கொட்டினால் எதை யார் மாற்றினார் என்று தெரியாமல் போகும். எந்தத் துண்டையும் தனியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்த முடியாது.

சில தகவல்களுக்கு இணைய முகவரியே நல்ல இருப்பிடம். எங்கிருந்து எங்கே, எந்த நாள், குளிர்சாதனப் படுக்கை வண்டி மட்டும் என்ற வடிகட்டி, எல்லாம் முகவரியில் இருந்தால் பின்செல்லும் பொத்தான் சரியாக வேலை செய்யும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினால் அவருக்கும் அதே தேடல் திறக்கும். நூலகம் எதுவும் வேண்டாம். உலாவி பிறந்ததிலிருந்து இருக்கும் வசதி.

இப்போது எங்கள் அணியில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கும் முன், நிரல் எழுதாமல் ஒரு தாளில் மூன்று பத்தி போடுகிறோம். முதல் பத்தியில் தகவல். இரண்டாவதில் அதன் உரிமையாளர். மூன்றாவதில் அதைப் படிப்பவர்கள். உரிமையாளர் பத்தியில் சர்வர் என்று வந்தால் அது நகல்; எவ்வளவு நேரம் நம்பலாம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். மற்றொன்றிலிருந்து கணக்கிட முடியும் என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். படிப்பவர் ஒருவரே என்றால் தகவல் அவரிடமே இருக்கட்டும். எந்த நூலகம் என்ற பேச்சு இத்தனைக்கும் பிறகுதான். அந்நேரம் விடை பெரும்பாலும் தாளிலேயே இருக்கும். ஒரு வரியில் இரண்டு உரிமையாளர்களின் பெயர் வந்துவிட்டால், அதைத் தீர்க்கும் வரை யாரும் விசைப்பலகையைத் தொடக் கூடாது.